மார்கீஸ் பிரவுனின் இடது பாதம்: அந்த ஆட்டத்தில் அவர் இறங்கியிருக்கலாமா?

சூனர்வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்க ஃபுட்பால் பொது இழையில் ஒரு நண்பர், "பாதத்தில் சுளுக்கு என்கிறார்கள், எலும்புகூட உடையவில்லை, இதற்கா ஒரு வீரனைச் சீசன் முழுக்க உட்கார வைப்பது?" என்று கேட்டிருந்தார். பதில் எழுத ஆரம்பித்தேன், நீண்டுகொண்டே போனது. அதனால் தனி இழையாகவே போடுகிறேன். பாதக் காயத்தோடு ஆரஞ்ச் பௌல் என்ற பெரிய கல்லூரி ஆட்டத்தில் இறங்கிய மார்கீஸ் பிரவுனின் கதையை வைத்துப் பதில் சொல்கிறேன்.

நான் ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தில் படித்தவன். 2018 அணியை நெருக்கமாகப் பின்தொடர்ந்தவன். அந்த அணியில் கைலர் மர்ரி குவார்ட்டர்பேக் (பந்தை எறிபவர்), மார்கீஸ் பிரவுன் ரிசீவர் (அதை ஓடிப் பிடிப்பவர்). பிரவுன் ஃப்ளோரிடாவின் ஹாலிவுட் நகரத்துப் பையன், அதனால் 'ஹாலிவுட்' என்றே பட்டப்பெயர். 5 அடி 9 அங்குலம், எடை 75 கிலோதான் இருக்கும். இந்த விளையாட்டில் அது நோஞ்சான் உடம்பு. பெரிய கல்லூரி எதுவும் முதலில் அழைக்கவில்லை. கலிஃபோர்னியாவில் ஒரு இரண்டாண்டுக் கல்லூரியில் சேர்ந்து, பக்கத்துத் தீம் பார்க்கில் வேலை பார்த்துக்கொண்டே ஆடி, அங்கிருந்துதான் ஓக்லஹோமாவுக்கு வந்தார். கையிலிருந்த ஒரே சொத்து வேகம். 2018இல் 75 பந்துகளைப் பிடித்து 1,318 யார்டு, 10 டச்டவுன் (பந்தோடு எதிரணியின் கடைக்கோட்டைத் தாண்டுவது).

டிசம்பர் 1, 2018. டெக்சாஸில் ஆர்லிங்டன் நகரத்து ஏடி அண்ட் டி அரங்கில், எங்கள் கல்லூரி ஆடும் பிக் 12 லீக்கின் இறுதியாட்டம். அக்டோபரில் எங்களை 48-45 என்று தோற்கடித்த அதே டெக்சாஸ் அணியை 39-27 என்று வென்றோம். அந்த ஆட்டத்தில்தான் பிரவுனுக்கு இடது பாதத்தில் அடிபட்டது. சரியாக நான்கு வாரம் கழித்து, டிசம்பர் 29 அன்று, மயாமியில் ஆரஞ்ச் பௌல். அதுவே தேசியச் சாம்பியன்ஷிப்பின் அரையிறுதி. எதிரே அலபாமா. பிரவுன் களத்தில் இறங்கினார். ஒரு பந்துகூடப் பிடிக்கவில்லை. அவர் ஓடியதைப் பார்த்த யாருக்கும் தெரிந்திருக்கும், அது அவருடைய ஓட்டமே இல்லை. 45-34 என்று தோற்றோம்.

ஜனவரியில் செய்தி வந்தது: லிஸ்ஃப்ராங்க் காயம், அதாவது நடுப்பாத மூட்டில் அடி. விளையாட்டு வீரர்களின் பாதத்துக்குப் பேர்போன ராபர்ட் ஆண்டர்சன் என்ற அறுவை மருத்துவர் ஸ்க்ரூ வைத்துச் சரிசெய்தார். தொழில்முறை லீக்கான என்எஃப்எல் அணிகள் கல்லூரி வீரர்களின் உடல்திறனை அளக்க, பிப்ரவரி கடைசியில் இண்டியானாபொலிஸில் நடக்கும் கம்பைன் தேர்வில் பிரவுனால் ஓட முடியவில்லை. வேகத்தை மட்டுமே நம்பிவந்த ஒரு பையன், வேகத்தை அளந்து விலை போடுகிற அந்த ஓட்டத்துக்கே போக முடியாமல் உட்கார்ந்திருந்தார்.

இருந்தாலும் ஏப்ரல் டிராஃப்ட்டில் (என்எஃப்எல் அணிகள் முறைவைத்துப் புது வீரர்களை எடுப்பது) பால்டிமோர் ரேவன்ஸ் அவரை 25ஆம் இடத்தில் எடுத்தது. அந்த ஆண்டு எடுக்கப்பட்ட முதல் ரிசீவர் அவர்தான். செப்டம்பர் 8, 2019 அன்று முதல் தொழில்முறை ஆட்டம். இடம் அதே மயாமி அரங்கம். முதல் பந்தைப் பிடித்து 47 யார்டு ஓடி டச்டவுன். அடுத்த பந்தைப் பிடித்து 83 யார்டு ஓடி இன்னொன்று. மொத்தம் 4 பந்து, 147 யார்டு. ரேவன்ஸ் 59-10 என்று ஜெயித்தது.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் எல்லாம் அந்த 83 யார்டோடு நிறுத்திவிடுகிறார்கள். நன்றாக வந்துவிட்டானே, அப்போ ஆரஞ்ச் பௌலில் ஆடினதில் என்ன தப்பு என்று கேட்கிறார்கள். எனக்கு அது ஏற்புடையதாக இல்லை. அவர் நன்றாகத் திரும்பினார் என்பதால் அன்று இறங்கியது நல்ல முடிவாகிவிடாது. இந்தக் காயத்தின் தன்மை தெரிந்தவர்கள் எழுதினால் நன்றாக இருக்கும்.

இயன்முறை எழுதியது:

சூனர்வாசி, நல்ல இழை. நான் விளையாட்டு வீரர்களுக்குப் பிசியோதெரபி செய்கிறவள், அந்தப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன்.

முதலில் அந்த இடம் எது என்று சொல்லிவிடுகிறேன். புறங்காலில், ஷூ லேஸ் முடிச்சு விழும் இடத்தை விரலால் அமுக்கிப் பாருங்கள். அதற்கு அடியில்தான் பாதத்தின் நடுவிலுள்ள சிறிய எலும்புகளும், விரல்களை நோக்கி நீளும் ஐந்து எலும்புகளும் சந்திக்கின்றன. பாதம் குறுக்குவாட்டில் ஒரு வளைவு. கல் கட்டிடத்து வளைவில் உச்சியில் ஒரு கல்லைச் செருகி மொத்தத்தையும் நிறுத்துவார்களே, அந்தக் கல்லின் வேலையை இங்கே இரண்டாவது நீள எலும்பின் அடிப்பகுதி செய்கிறது. மற்ற நீள எலும்புகள் பக்கத்து எலும்போடு லிகமென்ட்டால் (எலும்புகளை இணைக்கும் நார்) கட்டப்பட்டிருக்கின்றன. முதல் எலும்புக்கும் இரண்டாவதுக்கும் நடுவே மட்டும் அந்த நேரடிக் கட்டு கிடையாது. அதற்குப் பதிலாக உள்பக்கச் சிறு எலும்பிலிருந்து இரண்டாவது எலும்பின் அடிக்குச் சாய்வாக ஒரு தடித்த லிகமென்ட் போகிறது. அதுதான் லிஸ்ஃப்ராங்க் லிகமென்ட். அது அறுந்தால் வளைவு விரியும். ஒவ்வொரு அடி எடுத்து வைக்கும்போதும் உடம்பின் எடை அந்த இடைவெளியை இன்னும் கொஞ்சம் திறக்கும்.

இந்தப் பெயர் நெப்போலியன் காலத்துப் பிரெஞ்சு அறுவை மருத்துவர் ஜாக் லிஸ்ஃப்ராங்கிடமிருந்து வந்தது. அவர் இந்தக் காயத்தைக் குணப்படுத்தியவர் அல்ல, அழுகிப்போன பாதத்தை இந்த மூட்டின் வழியாக வேகமாக வெட்டியெடுக்கும் முறைக்குப் பேர் வாங்கியவர். குதிரையிலிருந்து விழும்போது அங்கவடியில் பாதம் மாட்டிக்கொண்ட வீரர்களுக்கு இந்த இடத்தில் அடிபடும்.

ஃபுட்பால் களத்தில் நடப்பதும் ஏறக்குறைய அதே முறுக்குதான். முன்பாதம் தரையில் பதிந்து, குதிகால் மேலே தூக்கியிருக்கும். அந்த நேரத்தில் பின்னாலிருந்து ஒருவர் குதிகால்மேல் விழுந்தால் போதும். யாரும் தொடாமலே, ஓடும் வேகத்தில் திசை திரும்பும்போது முன்பாதம் மாட்டிக்கொண்டும் நடக்கும்.

இது ஏமாற்றுகிற காயம். படுக்க வைத்து எக்ஸ்ரே எடுத்தால் எலும்புகள் தம் இடத்தில் இருப்பதுபோலவே தெரியும், ஏனென்றால் பாதத்தின்மேல் எடை இல்லை. முதல் பரிசோதனையில் ஐந்தில் ஒரு பங்கு தவறிப்போகிறது என்று எலும்பு மருத்துவப் பாடநூல்களே சொல்கின்றன. நிற்க வைத்து, இரண்டு பாதத்தையும் சேர்த்து எக்ஸ்ரே எடுத்து ஒப்பிட வேண்டும். அடிபட்ட பக்கத்தில் முதல் இரண்டு எலும்புகளுக்கு இடையே 2 மில்லிமீட்டருக்கு மேல் விரிவு இருந்தால் பெரும்பாலும் அறுவை சிகிச்சைதான். விரிவு இல்லையென்றால் பூட் (பாதத்தை அசையாமல் பிடிக்கும் மருத்துவக் காலணி) போட்டு, சுமார் ஆறு வாரம் காலை ஊன்றாமல் இருந்தால் ஆறிவிட வாய்ப்பு உண்டு.

"எலும்பு உடையவில்லை, சுளுக்குதான்" என்று சொன்ன நண்பருக்கு: நடுப்பாதத்தில் எலும்பு உடைவது சில சமயம் நல்லது. எலும்பு ஒட்டும். அறுந்த லிகமென்ட் பழையபடி அவ்வளவு உறுதியாக ஒட்டுவதில்லை.

நான்காம்_டவுன் எழுதியது:

இயன்முறை மேடம், அருமையான விளக்கம். சூனர்வாசியோடு மட்டும் நான் முரண்படுகிறேன்.

இருபத்தொரு வயதுப் பையன். சின்ன வயதிலிருந்து கனவு கண்ட ஆட்டம், அதுவும் சொந்த ஊரிலிருந்து கொஞ்ச தூரத்தில் உள்ள அரங்கில், அம்மாவும் சொந்தக்காரர்களும் பார்க்க. ஆடுகிறேன் என்று அவன் சொல்லும்போது உட்காரு என்று சொல்ல நாம் யார்? இரண்டாவது, பந்தைப் பிடிக்காவிட்டாலும் அவன் களத்தில் நிற்பதே ஒரு ஆயுதம். அவ்வளவு வேகமானவன் ஓரத்தில் நின்றால் எதிரணியின் கடைசித் தடுப்பாளர் பின்வாங்கித்தான் நிற்க வேண்டும், நடுவில் மற்றவர்களுக்கு இடம் கிடைக்கும். அன்று ஓக்லஹோமாவின் இன்னொரு ரிசீவர் சீடீ லாம்ப் 8 பந்து பிடித்து 109 யார்டு எடுத்தாரே.

மூன்றாவது, காத்திருந்தால் என்ன கிடைத்திருக்கும்? அறுவை சிகிச்சை எப்படியும் உண்டு. டிசம்பர் தொடக்கத்தில் செய்திருந்தாலும் பிப்ரவரி கம்பைனுக்கு ஓடியிருக்க முடியாது. முதல் சுற்றில்தான் எடுக்கப்பட்டார், நான்கு ஆண்டுக்குச் சுமார் 11.8 மில்லியன் டாலர் ஒப்பந்தம். எதை இழந்தார், சொல்லுங்கள்?

பிளேனோ_அம்மா எழுதியது:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என் மகன் பள்ளி அணியில் ஆடுகிறான், கல்லூரியிலும் ஆட ஆசை. எங்களுக்கெல்லாம் இந்தக் காயத்தின் பெயரே புதிது. வீட்டில் பார்த்து எப்படிக் கண்டுபிடிப்பது? கணுக்கால் பிசகினால் ஐஸ் வைத்துக் கட்டுகிறோம், அது வேறு இது வேறு என்று எப்படித் தெரியும்?

இயன்முறை எழுதியது:

பிளேனோ_அம்மா, மூன்று விஷயம் பாருங்கள் அக்கா. கணுக்கால் பிசகினால் வீக்கமும் வலியும் கணுக்காலின் வெளிப்பக்கம் இருக்கும். இதில் புறங்காலின் நடுவில் இருக்கும். தொட்டால் அங்கேதான் கத்துவான். அடுத்தது, ஒற்றைக் காலில் நுனிக்காலில் எம்பச் சொல்லுங்கள். நடுப்பாதம் குலைந்திருந்தால் முடியாது. மூன்றாவது ரொம்ப முக்கியம்: ஓரிரு நாளில் உள்ளங்காலின் நடுவில் நீலமாகக் கன்றிப்போனால் அது சாதாரணச் சுளுக்கு இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளங்காலைத் திருப்பிப் பார்ப்பது யாருக்கும் தோன்றுவதில்லை. நீலம் இருந்தால் அன்றே ஊன்றுகோல், அப்புறம் நின்றபடி எக்ஸ்ரே.

சூனர்வாசி எழுதியது:

நான்காம்_டவுன், நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. எதை இழந்தார் என்று எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன்.

அவர் இழந்தது காலம். ஜனவரியில் அறுவை சிகிச்சை என்றால் வசந்தகாலப் பயிற்சி முழுவதும் போச்சு. ஜூலைக் கடைசியில் பயிற்சி முகாம் தொடங்கியபோதுகூட அவரைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விட்டார்கள். புது ரிசீவருக்கு அந்த மாதங்கள்தான் பாடம்: குவார்ட்டர்பேக்கோடு நேரம் பழகுவது, ஓட்டப் பாதைகளை மனப்பாடம் செய்வது, உடம்பைத் தேற்றுவது. 2019 சீசன் முழுவதையும் அவர் பாதத்தில் ஸ்க்ரூவோடு ஆடினார், சீசன் முடிந்த பிறகுதான் அது எடுக்கப்பட்டது. எடை 157 பவுண்டு வரை இறங்கியிருந்தது, அடுத்த ஆண்டுக்கு 180 ஆக ஏற்றினேன் என்று அவரே பின்னால் சொன்னார். கீழ்க்காலை ஊன்றி எடை தூக்க முடியாத ஒருவர் உடம்பை எப்படித் தேற்றுவார்? முதல் ஆட்டத்து 147 யார்டு எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது, சரி. அந்தச் சீசனில் மொத்தம் 46 பந்து, 584 யார்டு, 7 டச்டவுன். கெட்ட கணக்கு இல்லை. ஆனால் அந்த முதல் ஆட்டம் காட்டிய உயரம் அல்ல அது.

அந்த முதல் ஆட்டத்தை மறுபடியும் போட்டுப் பாருங்கள். அவர் களத்தில் நின்றது பதினைந்து ஸ்னாப்புக்கும் (ஒவ்வொரு முறை பந்து ஆட்டத்துக்கு விடப்படுவது) குறைவு. ரேவன்ஸ் அவரைப் பொத்திப்பொத்தி வைத்து, தேவையான இடத்தில் மட்டும் இறக்கியது. 83 யார்டு ஓட்டத்துக்குப் பின்னால் அந்தப் பொறுமை இருந்தது. கல்லூரியில் அந்தப் பொறுமைக்கு இடமே இல்லை. அங்கே அடுத்த ஆட்டம் என்பது கடைசி ஆட்டம்.

ஆட ஆசைப்பட்டதை நான் குறை சொல்லவே இல்லை. அவன் வயதில் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். அதனால்தான் அந்த முடிவு அந்தப் பையனின் தலையில் மட்டும் இருக்கக்கூடாது என்கிறேன். சம்பளம் கிடையாது, 2018இல் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்கக்கூட விதி இடம் தரவில்லை, அது 2021 ஜூலையில்தான் வந்தது. பல்கலைக்கழகத்துக்கும் தொலைக்காட்சிக்கும் கோடிகள் புரளும் ஆட்டத்தில், இருந்தவர்களிலேயே குறைவாகப் பெற்றுக்கொண்டு அதிகம் பணயம் வைத்தவன் அந்தப் பையன்.

அட்லாண்டா_பருந்து எழுதியது:

பாதக் காயம் என்றால் எங்கள் அட்லாண்டா அணியின் ரிசீவராக இருந்த ஜூலியோ ஜோன்ஸைச் சொல்லாமல் இழை நிறையாது.

2011 கம்பைன். அலபாமாவிலிருந்து வந்த ஜூலியோ 40 யார்டை 4.39 விநாடியில் ஓடினார், நின்ற இடத்திலிருந்து 11 அடி 3 அங்குலம் தாண்டினார். அங்கே எடுத்த ஸ்கேனில்தான் பாதத்தில் எலும்பு முறிவு இருப்பது தெரியவந்தது. முறிந்த பாதத்தோடு ஓடிய நேரம் 4.39! அதற்குப் பிறகு ஸ்க்ரூ வைத்தார்கள். அட்லாண்டா ஐந்து டிராஃப்ட் இடங்களைக் கொடுத்து ஆறாவது இடத்துக்கு ஏறி அவரை எடுத்தது.

இந்தக் கதையும் அங்கே முடியவில்லை. 2013இல் ஐந்தே ஆட்டத்தில் 580 யார்டு எடுத்து உச்சத்தில் இருந்தார். அக்டோபரில் நியூயார்க் ஜெட்ஸ் அணியோடு நடந்த ஆட்டத்தில் அதே பாதம் மறுபடியும் போனது, பழைய ஸ்க்ரூ இருந்த இடத்தில். சீசன் முடிந்தது. நான் அந்த ஆட்டத்தை டிவியில் பார்த்தேன். வலியில் துடிக்கவெல்லாம் இல்லை, ஆட்டத்தின் கடைசிவரை ஆடினார். அதுதான் பயமாக இருந்தது. பிறகு இரண்டாவது முறை அறுவை சிகிச்சை. 2014இல் 1,593 யார்டு, 2015இல் 136 பந்து, 1,871 யார்டு. அவருடைய ஆகச்சிறந்த ஆண்டுகள் பாதம் இரண்டு முறை உடைந்த பிறகு வந்தவை. ஆகவே யாரும் நம்பிக்கையை விடவேண்டாம்.

இயன்முறை எழுதியது:

பருந்து, ஜூலியோவுக்கு வந்தது வேறு இடம், சுண்டுவிரலுக்குப் பின்னால் போகும் ஐந்தாவது நீள எலும்பு. ஜோன்ஸ் முறிவு என்பார்கள். ஜூலியோ ஜோன்ஸுக்கும் அந்தப் பெயருக்கும் சம்பந்தம் இல்லை. லிவர்பூலில் இருந்த ராபர்ட் ஜோன்ஸ் என்ற மருத்துவர் நடனமாடும்போது தன் பாதத்தையே முறித்துக்கொண்டு, 1902இல் அதை எழுதிவைத்தார்.

அந்த எலும்பின் பிரச்சினை ரத்தம். முறியும் இடம் இரண்டு ரத்த ஓட்டப் பகுதிகளுக்கு நடுவே இருப்பதால் போதிய ரத்தம் எட்டாது, மெதுவாக ஒட்டும், சில சமயம் ஒட்டாமலே போகும். அதனால்தான் வீரர்களுக்குப் பெரும்பாலும் மாவுக்கட்டை நம்பாமல் நேராக ஸ்க்ரூ வைக்கிறார்கள். சாதாரண ஆட்களில் பலருக்கு பூட்டிலேயே ஆறிவிடும், ஆனால் மாதக்கணக்கில் ஆகும். ஸ்க்ரூ வைத்தும் எக்ஸ்ரேயில் முழுதாக ஒட்டுவதற்கு முன் களத்தில் இறங்கினால் மறுபடியும் முறியும் வாய்ப்பு அதிகம்.

லிஸ்ஃப்ராங்கில் நிலைமை வேறு. 2000 முதல் 2010 வரை இந்தக் காயம் பட்ட 28 என்எஃப்எல் வீரர்களை ஆராய்ந்திருக்கிறார்கள். 26 பேர் திரும்பி ஆடினார்கள், ஆனால் திரும்ப எடுத்துக்கொண்ட காலம் நடுத்தரமாகப் பதினொரு மாதம். பிரவுன் அடிபட்டு ஒன்பது மாதத்தில் ஆடினார். அவரை வைத்து மற்றவர்களுக்குக் காலக்கெடு போட்டால் அந்தப் பிள்ளைகளுக்குத்தான் ஆபத்து.

மழைநாள்_ரசிகர் எழுதியது:

ஆர்லிங்டன் அரங்கம் செயற்கைப் புல் என்பதை யாரும் சொல்லவில்லையே? ஓக்லஹோமாவின் சொந்த மைதானம் இயற்கைப் புல், மயாமி அரங்கமும் இயற்கைப் புல். செயற்கைப் புல்லில் ஷூ முள் மாட்டிக்கொண்டால் புல் பிய்ந்துவராது, பாதம்தான் திரும்பும். என்எஃப்எல் வீரர்கள் சங்கம் எல்லா இடத்திலும் இயற்கைப் புல் வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறது. அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது என்பது என் கருத்து.

நான்காம்_டவுன் எழுதியது:

ஒரே ஒரு காயத்தை வைத்துப் புல்லைக் குற்றம் சொல்ல முடியாது நண்பரே. ஆனால் வீரர்கள் கேட்பதைக் கொடுக்கலாம் என்பதில் நானும் உங்கள் பக்கம்.

சூனர்வாசி, "முடிவு பையனின் தலையில் மட்டும் இருக்கக்கூடாது" என்ற இடத்தில் என்னை யோசிக்க வைத்துவிட்டீர்கள். நடுவில் இன்னொன்றும் சொல்லவேண்டும். பிளேனோ_அம்மா போன்றவர்களுக்கு இது பயன்படும். பிரவுன் விஷயத்தில் காயம் பட்டது அணியின் பதின்மூன்றாவது ஆட்டத்தில். அதே காயம் செப்டம்பரில் ஒரு சாதாரண வீரனுக்குப் பட்டால் கதை வேறு. அப்போதைய கல்லூரி விதிப்படி ஐந்து ஆண்டுக்குள் நான்கு சீசன் ஆடலாம். சீசனின் முதல் பாதியில் அடிபட்டு, மொத்த ஆட்டங்களில் முப்பது சதவீதத்துக்கு மேல் ஆடாமல் இருந்தால், மருத்துவச் சான்றைக் காட்டி அந்தச் சீசனைக் கணக்கிலிருந்து எடுக்கச் சொல்லலாம். 2018இலிருந்து, ஒரு சீசனில் நான்கு ஆட்டம்வரை ஆடினாலும் அந்த ஆண்டு கழியாது என்ற விதியும் வந்தது. அவசரப்பட்டு வலியோடு இரண்டு மூன்று ஆட்டம் கூடுதலாக இறங்கினால் காலும் கெடும், அந்த ஆண்டும் திரும்பக் கிடைக்காது. இதைப் பல பெற்றோர் தெரிந்துவைத்திருப்பதில்லை.

பிளேனோ_அம்மா எழுதியது:

இது எனக்குத் தெரியவே தெரியாது. ரொம்ப நன்றி தம்பி. வீட்டுக்காரரிடமும் காட்டினேன். கோச்சிடம் என்ன கேட்க வேண்டும் என்று இப்போதுதான் பிடிபடுகிறது.

திண்டுக்கல்_விங்கர் எழுதியது:

அண்ணா, அக்கா எல்லோருக்கும் வணக்கம். நான் உங்கள் விளையாட்டு ஆடுகிறவன் இல்லை, எங்கள் ஊரில் ஃபுட்பால் என்றால் காலால் உதைக்கிறதுதான். கல்லூரி அணியில் வலது விங். இயன்முறை அக்கா எழுதியதைப் படித்ததும் பகீர் என்றது, அதனால் எழுதுகிறேன்.

மண்டல ஆட்டத்தில் பந்தை வெட்டித் திரும்பும்போது பின்னாலிருந்து ஒருத்தன் என் குதிகால்மேல் விழுந்தான். டப்பென்று சத்தம் கேட்டது. படுக்க வைத்து எக்ஸ்ரே எடுத்தார்கள், எலும்பு நன்றாக இருக்கிறது, சுளுக்குதான் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அப்பா ஒரு வைத்தியரிடம் எண்ணெய்க் கட்டு போடக் கூட்டிப்போனார். வீக்கம் குறைந்தது. ஆனால் படி இறங்கும்போது பாதத்தின் நடுவில் கத்தி செருகுவதுபோல வலி, நுனிக்காலில் நிற்கவே முடியவில்லை. உள்ளங்காலில் நீலம் இருந்ததை அம்மா பார்த்துவிட்டு, ரத்தம் கட்டியிருக்கிறது, தானாக இறங்கிவிடும் என்றார்கள். பல்கலைக்கழக அணித் தேர்வு வருகிறது. வேலை வாய்ப்பில் விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு அந்தச் சான்றிதழ் வேண்டும். ஊசி போட்டுக்கொண்டு ஆடிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

இயன்முறை எழுதியது:

தம்பி, வேண்டாம். ஊசி போட்டால் வலி மட்டும்தான் போகும், எலும்புகளுக்கு நடுவிலுள்ள விரிவு போகாது. மரத்துப்போன பாதத்தில் ஓடினால் எங்கே நிறுத்த வேண்டும் என்றே தெரியாது.

இன்றே காலை ஊன்றுவதை நிறுத்துங்கள். நாளை எலும்பு மருத்துவரைப் பாருங்கள், பாதம், கணுக்காலில் அனுபவமுள்ளவராக இருந்தால் நல்லது. வாயைத் திறந்து கேளுங்கள்: "நின்றபடி, இரண்டு பாதத்துக்கும் சேர்த்து எக்ஸ்ரே வேண்டும்." வலியால் நிற்க முடியாவிட்டால் சிடி ஸ்கேனோ எம்ஆர்ஐயோ எடுக்கலாம். அடிபட்டு எத்தனை நாள் ஆகிறது என்று மறைக்காமல் சொல்லுங்கள். ஆறு வாரம் தாண்டிவிட்டால் சரிசெய்வது கடினமாகிறது, அதற்குள் என்றால் நல்ல வாய்ப்பு இருக்கிறது. அப்பாவிடம் கட்டு போட்டது தப்பு என்று சண்டை போடவேண்டாம். வீக்கம் இறங்கியதைத்தானே அவரும் பார்த்தார்.

சூனர்வாசி எழுதியது:

தம்பி, சான்றிதழ் விஷயம் எவ்வளவு முக்கியம் என்பது புரிகிறது. இருந்தாலும் ஒன்று சொல்கிறேன். டிராவிஸ் எட்டியென் என்று ஒரு ஓட்டக்காரர், கிளெம்சன் கல்லூரியிலிருந்து வந்தவர். 2021இல் ஜாக்சன்வில் அணி எடுத்தது, பிரவுனைப்போலவே 25ஆம் இடம். சீசன் தொடங்கும் முன்பே ஆகஸ்ட் பயிற்சியாட்டத்தில் இதே லிஸ்ஃப்ராங்க். அறுவை சிகிச்சை செய்து அந்தச் சீசன் முழுவதும் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. யாரும் அவசரப்படுத்தவில்லை. அடுத்த ஆண்டு 2022இல் 1,125 யார்டு ஓடினார்.

பிரவுனையும் முழுதாகப் பாருங்கள். 2021இல் 91 பந்து, 1,008 யார்டு, அவருடைய நல்ல ஆண்டு. அரிசோனா அணிக்குப் போன பிறகு 2022 அக்டோபரில் பாதத்தில் மறுபடியும் காயம், ஒரு சிறு முறிவு. இந்தமுறை அறுவை சிகிச்சை இல்லை, ஐந்து ஆட்டம் உட்கார்ந்தார், நவம்பர் கடைசியில் திரும்பினார். 2018இல் கிடைக்காத அந்த ஓய்வு, சம்பளம் வாங்கும் வீரனாக இருந்தபோது கேள்வியே இல்லாமல் கிடைத்தது. எனக்கு அதுதான் வலிக்கிறது.

திண்டுக்கல்_விங்கர் எழுதியது:

அக்கா, அண்ணா, எக்ஸ்ரே எடுத்தாச்சு. நிற்க வைத்து, இரண்டு காலுக்கும். அடிபட்ட பக்கம் 3 மில்லிமீட்டர் விரிவு இருக்கிறதாம். டாக்டர் படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டி, இரண்டு பாதத்தையும் பக்கத்தில் வைத்துக் காட்டினார். அப்பா ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார், அப்புறம் அவரே எப்போது ஆபரேஷன் என்று கேட்டார். அடிபட்டது நாலாவது வாரத்துக்குள் என்பதால் செய்யலாம் என்று சொல்லியிருக்கிறார். ஸ்க்ரூவா, பிளேட்டா, எலும்புகளையே சேர்த்து ஒட்டிவிடுவதா என்று திறந்து பார்த்துத்தான் முடிவு செய்வாராம். நான் என்ன கேட்கவேண்டும்?

இயன்முறை எழுதியது:

நல்லது தம்பி, நல்ல டாக்டரிடம்தான் போயிருக்கிறீர்கள். நான்கு கேள்வி கேளுங்கள். ஸ்க்ரூ மூட்டின் குறுக்கே போகுமா? போனால் எப்போது எடுப்பீர்கள், எடுக்கும்வரை ஓடலாமா? காலை எந்த வாரத்திலிருந்து ஊன்றலாம்? பாத வளைவைத் தாங்கும் இன்சோல் யார் செய்து தருவார்கள்? பெரும்பாலும் முதல் ஆறு வாரம் ஊன்றவே கூடாது என்பார்கள், அதை அப்படியே கேளுங்கள். அந்த நாட்களில் தொடையையும் இடுப்பையும் விட்டுவிடாதீர்கள். படுத்தபடி செய்யும் பயிற்சிகளை ஒரு தாளில் எழுதித் தனிமடலில் அனுப்புகிறேன்.

விளையாட்டு ஆசிரியரிடம் மருத்துவ அறிக்கையின் நகலைக் கொடுத்து, தேர்வுக்கு ஏன் வரமுடியவில்லை என்று எழுத்தில் பதிவு செய்யச் சொல்லுங்கள். அடுத்த ஆண்டுத் தேர்வுக்கு அது உதவும்.

நான்காம்_டவுன் எழுதியது:

ஆபரேஷன் செலவுக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வீட்டில் இருக்கிறதா என்று பாருங்கள் தம்பி. இருந்தால் அந்த மருத்துவமனை திட்டத்தில் சேர்ந்ததா என்று சேரும் முன்பே கேட்டுவிடுங்கள். நாள் முடிவானதும் இங்கேயே எழுதுங்கள்.